விற்ற நிலமும் விலகாத உரித்தும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றினை எடுத்து வாசிப்போர், காணி என்பது வெறும் மண்பரப்பன்று என்பதனை எளிதில் உணர்வர். இத்தனை பரப்பு என்று அளவு கூறியவுடன் உறுதி முடிந்துவிடுவதில்லை. அதிலுள்ள வீடு, கிணறு, பனை, வடலி, அயலிலுள்ள பங்குக் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரித்து, வழிவாய்க்கால் உரித்து என ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கைமாற்றப்படுகின்றது. சில வேளைகளில் ஒன்று கைமாறாது நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. மகளுக்கு வளவை நன்கொடையாக எழுதிக் கொடுக்கும் பெற்றோர் தமது சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கி எழுதுவிப்பர். காணி மகளுடையது, பெற்றோர் கண்மூடும்வரை அதன் பயன் பெற்றோருடையது. இதனை அநீதி என்று எவரும் கூறுவதில்லை.

ஆயின், கொடுத்தவர் தமக்கென நிறுத்திவைத்தது பனையின் பயனாக அன்றி, நிலத்தின் அடியிலுள்ள நிலக்கரியாகவோ எண்ணெயாகவோ இருப்பின் என்ன கூறுவது? பனை அடுத்த ஆண்டும் காய்க்கும். சீவிய உரித்து ஒருவரின் சீவியத்தோடு தீரும். நிலக்கரியோ ஒருமுறை எடுத்தால் மீளாது; அதன்மீது ஒதுக்கிய உரித்து, சட்டம் இடங்கொடுக்குமாயின், தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே போகும். நிலத்தை விற்றுவிட்டு நெடுந்தொலைவு சென்றவனுக்கு, அந்நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்படும் கனிமத்தின் உரிமைப்பணம், அதாவது 'றோயல்ரி', தொடர்ந்து செல்வது அறமாகுமா? அந்நிலத்தில் இன்று வாழ்பவனுக்கு அதில் யாதொரு பாத்தியமும் இல்லையா? இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு நிகழ்ந்தவற்றைத் துணைக்கொண்டு இதனை ஆராய்தல் பொருத்தமானது.

மண்ணுக்கு உடையவனே வானளவும் பாதாளமளவும் உடையவன் என்பது ஐரோப்பியச் சட்டவியலின் பழைய கொள்கை. கனிமத்தைப் பொறுத்தவரையில் இக்கொள்கையைப் பல நாடுகள் கைவிட்டுவிட்டன. இலங்கையிலும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம், மண் எவருடையதாயினும் அதன் கனிப்பொருளைக் குடியரசின் உடைமையாக்கியது. ஐக்கிய அமெரிக்காவிலோ தனியார் நிலத்தின் அடியிலுள்ளதும் தனியாருடையதாகலாம். மேற்பரப்பையும் கனிமத்தையும் இருவேறு ஆதனங்களாகப் பிரித்து விற்கவும் சட்டம் இடந்தருகின்றது. விற்பனை உறுதி கனிமம்பற்றி ஒன்றுங் கூறாதுவிடின், அது நிலத்தோடு சேர்ந்து வாங்கியவனிடம் செல்லும். அன்று முதல் உரிமைப்பணமும் அவனையே சேரும். 'கனிமம் நீங்கலாக' என ஒரு தொடர் எழுதப்பட்டிருப்பின், நிலம் எத்தனை கை மாறினும் கனிமம் விற்றவனிடமும் அவன் வழியினரிடமுமே நிற்கும். எண்ணெய் எடுக்கும் நிறுவனம் எடுத்ததில் ஒரு பங்கினை, நெடுங்கால வழக்கின்படி எட்டிலொரு பங்கினை, கனிமத்துக்கு உடையவனுக்கு வழங்கும். அதனை எடுப்பதற்கு வேண்டிய அளவு மேற்பரப்பைப் பயன்படுத்தும் உரித்தும் கனிமத்தோடு சேர்ந்ததே. ஆகவே, வளவின் நடுவிலே துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டிருப்பவன் ஒருவன். அதன் பணத்தைப் பெறுபவன் வேறொருவன் என்னும் நிலை அங்கு உண்டாகின்றது.

'உறுதியைப் பார்' என்பதே சட்டம் தரும் விடை. உறுதியிலே எழுதியிருப்பதெல்லாம் நீதியாகுமா என்பது அடுத்த வினா.

விற்றவனுக்குச் சார்பாகக் கூறத்தக்க நியாயங்கள் மூன்று. உழைப்பு என்பது ஒன்று. மனிதன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலப்பதனால் அதனைத் தன்னுடையதாக்குகின்றான் என்றார் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக். தோட்டத்தைப் பண்படுத்தியவனுக்கு இது பொருந்தும். நிலக்கரி எவரும் விதைத்ததன்று. அது அங்கே உண்டென்பதை அறியாமலே பல தலைமுறைகள் அதன்மேல் உழுது வாழ்ந்திருக்கலாம். முன்னுடைமை என்பது இரண்டாவது நியாயம். முதலில் அது அவனுடையதாயிருந்தது. அவன் கொடாததை எவ்வாறு இழப்பான் என்பர். 1879 ஆம் ஆண்டில் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை வெளியிட்ட ஹென்றி ஜோர்ஜ், இயற்கை தந்த பொருளின் மதிப்பு தனியொருவனின் உழைப்பால் எழுவதன்று என்றும், அது சமுதாயம் முழுவதற்கும் உரியதென்றும் வாதித்தார். இவ்வாதம் விற்றவனுக்கு எதிரானதுபோலத் தோன்றினும், வாங்கியவனுக்கும் அது அதேயளவு எதிரானது. நிலக்கரியை ஆக்காதவர்கள் இருவருமே. ஆதலால், இவ்விரு நியாயங்களும் எவர் பக்கமும் தராசைச் சாய்க்கமாட்டா.

எஞ்சியிருப்பது வாக்குறுதி. வாங்கியவன் கனிமம் நீங்கிய நிலத்துக்கே விலை கொடுத்தான். குறைந்த விலையே கொடுத்திருப்பான். தான் வாங்காத பொருளுக்குப் பின்னர் உரிமை கோருதல், சொன்ன சொல்லை மீறுவதாகும். மூன்றனுள் வலிமை வாய்ந்த நியாயம் இதுவே. எனினும் அதன் எல்லை எதுவென்பதைச் சோதித்தறிதல் வேண்டும்.

கென்ரக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்தது இதற்கு முதலாவது சோதனை. மலைநாட்டு விவசாயிகளிடமிருந்து, ஏக்கருக்கு ஐம்பது சதம், ஒரு டொலர் போன்ற சிறு தொகைகளுக்கு, நிலத்தடிக் கனிமம் முழுவதும் வாங்கப்பட்டது. இங்கு விற்றவன் மேற்பரப்பிலேயே இருந்தான். கனிமந்தான் வெளியே போயிற்று. கனிமத்தை எடுப்பதற்கு வேண்டியதையெல்லாம் செய்யலாம் என்றும், அதனால் விளையும் சேதத்துக்கு வழக்காட முடியாது என்றும் அவ்வுறுதிகள் கூறின. கையெழுத்திட்டவன் அறிந்திருந்த சுரங்கம், மலையின் பக்கத்தே குடைந்து செல்லும் சிறு குகை. சில பத்தாண்டுகளின் பின் வந்ததோ, மண்ணையும் மரத்தையும் வழித்தெறிந்து நிலக்கரியை மேலிருந்தே அள்ளும் இயந்திரம். அதற்கும் பழைய உறுதியே போதும் என்று 1956 ஆம் ஆண்டில் அம்மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1965 ஆம் ஆண்டு நவம்பரில், நொட் மாவட்டத்தில், ஒல்லி கூம்ப்ஸ் என்னும் அறுபது வயது கடந்த கைம்பெண் தன் வீட்டின் மேற்புறத்து மலைச்சரிவில் மண்தள்ளும் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். காவலர் அவரைத் தூக்கிச் சென்று சிறையிலடைத்தனர். அந்நாட்டு மக்கள் குடும்பமாகக் கூடி உண்ணும் நன்றி கூறும் நாளன்று அவர் சிறையிலிருந்தே உண்டார். சட்டத்தின்படி அவர் தடுத்தது பிறனுடைய ஆதனத்தை. அவரது படத்தைப் பத்திரிகைகளிற் கண்டவர்களோ, தன் வீட்டைக் காக்க முனைந்த ஒரு தாயையே கண்டனர். 1988 ஆம் ஆண்டில் கென்ரக்கி வாக்காளரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற்பட்டோர் அரசியலமைப்புத் திருத்தமொன்றை ஏற்றனர். உறுதியிலே வெளிப்படையாகக் கூறப்படாதவிடத்து, அது எழுதப்பட்ட காலத்தில் அப்பகுதியில் அறியப்பட்டிருந்த முறைகளுக்கே இருபக்கத்தாரும் உடன்பட்டனர் எனக் கொள்ளவேண்டும் என்பது அதன் பொருள். 1993 ஆம் ஆண்டில் நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஒருவன் தன் அறிவுக்கு எட்டாத ஒன்றுக்கு உடன்பட்டிருக்க முடியாது என்பதே இதனாற் பெறப்படும் நீதி.

அறிந்தே உடன்பட்டவனின் நிலை யாது? இதற்கு விடை தேடப் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் செல்லவேண்டும். அங்கு நிலத்திலே மூன்று ஆதனங்கள் உண்டு: மேற்பரப்பு ஒன்று, கனிமம் ஒன்று, மேற்பரப்பு கீழே விழாது தாங்கப்படும் உரித்து ஒன்று. தாங்குதலையும் தனியே விலைப்படுத்தலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. 1878 ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனமொன்று, நிலக்கரி முழுவதையும் எடுக்கும் உரித்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு மேற்பரப்பை விற்றது. நிலம் தாழ்ந்தால் வரும் நட்டம் தன்னுடையதே என்று வாங்கியவன் ஒப்புக்கொண்டான். 1921 ஆம் ஆண்டில், மக்கள் வாழும் வீடுகள் இடிந்து தாழும்படி நிலக்கரி எடுத்தலை அம்மாநிலம் சட்டத்தால் தடைசெய்தது. அவ்வாண்டிலேயே, வீட்டின்கீழ் அகழப்போவதாக அறிவித்தல் பெற்ற மஹொன் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். 1922 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கட்டுப்பாடு அளவு கடந்தால் அது ஆதனத்தைப் பறித்தலாகும் என்றும், விலை கொடாது அதனைச் செய்தலாகாது என்றும் நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் கருதினார். நீதியரசர் லூயிஸ் பிரண்டைஸ் தனியராய் மாறுபட்டு நின்றார். பொதுமக்களுக்கு ஆபத்தான செயலை அரசு தடுப்பது பறித்தலாகாது என்பது அவர் துணிபு. 1987 ஆம் ஆண்டில், வேறொரு வழக்கில், பென்சில்வேனியாவின் இத்தகைய பிறிதொரு சட்டத்தை ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அதே நீதிமன்றம் செல்லுபடியாக்கியது.

ஹோம்ஸ் கூறியதில் நியாயம் இல்லையென்று தள்ளிவிட முடியாது. அபாயத்தை அறிந்து, அதற்கேற்ற விலை கொடுத்தவன் பின்னர் அவ்விலையை மாற்றித் தருமாறு கேட்கலாமா? எனினும், 1878 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டவன் ஒருவன். 1921 ஆம் ஆண்டில் அவ்வீட்டிலே உறங்கியவர்கள் வேறு. வாங்கியவன் தன் பணத்தைப் பணயம் வைக்கலாம். தன் பிள்ளைகளின் உயிரையும் அயலவனின் உயிரையும் பணயம் வைக்கும் அதிகாரம் எந்த உறுதியாலும் அவனுக்கு உண்டாவதில்லை. உரிமைப்பணம் பெறும் உரித்து ஒப்பந்தத்தாற் பிறக்கக்கூடியது. காலடி மண்ணைச் சரியச் செய்யும் உரித்து அவ்வாறு பிறக்கக்கூடியதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியமையே இவ்வழக்குகளின் மயக்கத்துக்குக் காரணம்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, நிலத்தில் இல்லாதவன் உரிமைப்பணம் பெறுதல் எக்காலும் தவறு என்று முடிவுசெய்வதும் பிழையாகும். ஓசேஜ் மக்களின் வரலாறு அதனை மறுக்கின்றது. அமெரிக்கப் பழங்குடியினரான அவர்கள் கான்சஸில் இருந்த தம் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது, அந்நிலம் விற்ற பணத்தைக் கொண்டு, இன்று ஒக்லகோமா எனப்படும் பகுதியில் செரோக்கி மக்களிடமிருந்து 1870களில் வேறு நிலம் வாங்கினர். 1906 ஆம் ஆண்டில் அந்நிலத்தைத் தனித்தனியே பங்கிடுமாறு அரசு நெருக்கியது. பங்கிட்ட நிலம் விரைவிலே பிறர் கைக்குப் போய்விடும் என்பதனை ஏனைய குடிகளின் அனுபவத்தால் அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, மேற்பரப்பைப் பங்கிட உடன்பட்டு, கனிமத்தை மட்டும் குடி முழுவதற்கும் பொதுவாக நிறுத்திக்கொண்டனர். பதிவேட்டில் இடம்பெற்ற 2,229 பேருக்கும் உரிமைப்பணத்தில் ஒவ்வொரு சமபங்கு வகுக்கப்பட்டது. மேற்பரப்பிற் பெரும்பகுதி பின்னர் பிறரிடம் போயிற்று. எண்ணெயின் பணம் ஓசேஜ் மக்களிடம் வந்தது. 1923 ஆம் ஆண்டில் மாத்திரம் அது மூன்று கோடி டொலரைத் தாண்டியது. நிலத்தை விற்ற பின்னும் அவர்கள் உரிமைப்பணம் பெற்றதை எவர் குறைகூற வல்லார்? தமதென்று எஞ்சியதையெல்லாம் படிப்படியாக இழந்த ஒரு குடி, இழக்காமற் காத்துக்கொண்ட ஒன்று அது.

ஆயினும் அப்பணமே அவர்களுக்குப் பகையாயிற்று. அவர்களிற் பலரைத் தம் பணத்தைத் தாமே ஆளும் தகுதியற்றவரென்று கூறி, வெள்ளையரான காப்பாளரை அரசு நியமித்தது. பங்கினை ஒருவர் தம் வாழ்நாளில் விற்க முடியாதெனினும், இறந்த பின் அது மரபுரிமையாகப் பிறருக்கும் இறங்கக்கூடியதாயிருந்தது. அதனால், மணவுறவு கொண்டு குடும்பத்துட் புகுந்து, பங்குக்கு உடையவரைக் கொல்லும் கொடுமை 1920களில் நிகழ்ந்தது. கொலையுண்டோர் இருபது பேருக்கும் மேற்பட்டவர். அச்சதியின் தலைவனாகக் கருதப்பட்ட வில்லியம் ஹேல் 1929 ஆம் ஆண்டில் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றான். 1925 ஆம் ஆண்டுச் சட்டம், பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் இரத்தமுடையோரின் பங்குகளை ஓசேஜ் அல்லாதோர் மரபுரிமையாகப் பெறுவதைத் தடைசெய்தது. குடியின் பொருளை நிருவகித்ததில் நேர்ந்த குறைபாடுகளுக்காக 2011 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு 38 கோடி டொலர் வழங்க இணங்கியது. பொதுவிலே காக்கப்பட்ட பொருள், தனித்தனிப் பங்காகிக் கைமாறத் தொடங்கியவுடன், அதனைக் காத்ததற்கான காரணமே பின்தள்ளப்பட்டது.

கென்ரக்கியிலும் ஒக்லகோமாவிலும் நிகழ்ந்த பிரிப்பு சட்டத்தின் நோக்கில் ஒன்றே: மேற்பரப்பு ஒருவரிடம், கனிமம் வேறொருவரிடம். ஒன்று மனச்சாட்சியை உறுத்துகின்றது, மற்றது உறுத்தவில்லை. உரிமைப்பணம் எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதிலே இவ்வேறுபாட்டின் வேர் உள்ளது. வாடகை கொடுப்பவன் வீட்டைத் திருப்பிக் கொடுக்கின்றான். நிலக்கரியை எடுப்பவன் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே உரிமைப்பணம் என்பது மீளாத ஓர் இழப்புக்கு ஈடாக வருவது. அந்த ஈடு இழப்பவரைச் சென்றடைதல் வேண்டும். ஓசேஜ் மக்கள் இழந்தவர்கள். இழப்புக்கு ஈடு பெற்றார்கள். கென்ரக்கியில் மலையையும் நீரையும் இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர்.

இதன்வழி மூன்று வரையறைகள் பெறப்படும். ஒதுக்கி எழுதிய உரித்து, எழுதிய காலத்தில் இருபக்கத்தாரும் அறிந்திருந்த அளவிற்கே செல்லுதல் வேண்டும். உரிமைப்பணம் எவரிடம் போயினும், மேற்பரப்பில் வாழ்பவனுக்கு நேரும் சேதத்துக்கான ஈடு அதற்கு முன்னர்க் கொடுக்கப்படல் வேண்டும். பயன்படுத்தாத உரித்துக்கு ஒரு கால எல்லையும் இருத்தல் வேண்டும். இறுதியாகக் கூறியது வெறுங் கற்பனையன்று. லூசியானாவில் நிலத்தினின்று பிரித்த கனிம உரித்துப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தப்படாவிடின் அழிந்துபோகும். இந்தியானா 1971 ஆம் ஆண்டில் இருபது ஆண்டு எல்லையை விதித்தது. பதிவுசெய்து தன் உரித்தைக் காத்துக்கொள்ளவும் வழிவிட்டது. அதனை உயர் நீதிமன்றம் 1982 ஆம் ஆண்டில் ஏற்றது. உரித்தை மறந்து போனவனின் அறியாத பேரன் ஒருவனைத் தேடிப் பணம் கொடுப்பதிலும், நிலத்திலே நிலைத்திருப்பவனுக்குக் கொடுத்தல் நியாயமானது.

இவ்வாறு வரையறுத்தால் ஒப்பந்தங்களின் உறுதிப்பாடு குலையாதா என்று வினவுவர். ஏழை ஒருவன் தன் நிலத்தை விற்கும்போது, அடியிலுள்ளதையேனும் பிள்ளைகளுக்கென நிறுத்திவைக்கும் வாய்ப்பு இதனால் குறையாதா என்பதும் நியாயமான அச்சமே. ஆயின் மேற்கூறிய வரையறைகள் அவனது பங்கினைப் பறிப்பதில்லை. அவன் அறிந்து ஒதுக்கியதும் மறவாது பேணியதும் அவனுக்கே உரியன. அவனது பங்கின் பெயரால் மற்றொருவனின் வீடு இடிக்கப்படுவதையே அவை தடுக்கின்றன.

கனிமத்தை அரசுடைமையாக்கிவிட்டால் வினாவே எழாது என்று கருதுவோர் இலங்கையின் எப்பாவல வழக்கை நினைத்தல் தகும். அங்குள்ள பொஸ்பேற்றுப் படிவை அகழ வெளிநாட்டு நிறுவனமொன்றோடு அரசு செய்யவிருந்த உடன்படிக்கையை எதிர்த்து அப்பகுதி மக்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மன்னன் நிலத்தின் காவலனே அன்றி உடையவனல்லன் என மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உணர்த்தியதாகக் கூறப்படும் செய்தியை நீதியரசர் அமரசிங்க தமது தீர்ப்பிலே நினைவூட்டினார். கனிமம் அரசுடையதாயினும், இழப்பவர் அந்நிலத்தில் வாழ்வோரும் இனி வாழப்போவோருமே. உரிமைப்பணம் திறைசேரிக்குச் சென்றுவிட்டதென்பதால் அவர்களது இழப்பு ஈடுசெய்யப்பட்டதாகாது.

சீவிய உரித்தை ஒதுக்கி மகளுக்கு வளவை எழுதிக் கொடுக்கும் தாய், அதே வளவிலே மகளோடு வாழ்கின்றாள். கிணறு வற்றினால் அவளுக்கும் தண்ணீர் இல்லை. கூரை ஒழுகினால் அவளும் நனைவாள். அவளது உரித்து உறுத்தாமைக்கு உறுதியின் வாசகம் மட்டும் காரணமன்று. நிலத்தை விற்றுச் சென்றவன் தனக்கென ஒரு பங்கினை நிறுத்திவைத்தானாயின், அந்நிலத்தின் துன்பத்திலும் ஒரு பங்கினை ஏற்றல் அவனுக்குக் கடமையாகும். அதனை ஏற்க மறுப்பவனுக்கு உறுதி துணை நிற்கலாம். அறம் துணை நிற்கமாட்டாது.